மூன்று வெயில் கணக்கு: வீட்டிலேயே கேழ்வரகு மாவு போட்டு விற்க நினைப்பவர்களுக்கு

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எட்டு வருடமாகக் கேழ்வரகு காய்கிறது. முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைத்து, அரைக்கிலோ பாக்கெட்டாகப் போட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டால் நேரடியாகவும் அனுப்புகிறேன். "அக்கா, நானும் இதை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், என்ன மெஷின் வாங்கணும்?" என்று மாதம் இரண்டு மூன்று பேராவது கேட்டு வருகிறார்கள். மெஷினைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஆர்வமாகத் தொடங்கி ஆறு மாதத்தில் நிறுத்தியவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒருவருடைய மாவும் மோசம் கிடையாது. காயவைக்க முடியாமல், கடையில் நின்ற பணம் வராமல், எவ்வளவு போட்டோம் எவ்வளவு வந்தது என்றே தெரியாமல் களைத்துப் போய்த்தான் நிறுத்தினார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் செய்முறையைவிட அந்த வேலைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதல் மாதம்: ஒரே பொருள், 5 கிலோ

சத்துமாவு, கம்பு மாவு, இட்லிப்பொடி, மாங்காய் ஊறுகாய் என்று எட்டுப் பொருளோடு தொடங்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி லேபிள், தனிக் காலாவதி, தனிக் கணக்கு. முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரம் 5 கிலோ தானியம் என்று நான்கு வாரம் போட்டுப் பாருங்கள். விற்க வேண்டாம். வீட்டுக்கும் உறவுக்கும் கொடுங்கள். ஊறப்போட்டதிலிருந்து பாக்கெட் ஒட்டியது வரை எத்தனை மணி நேரம் ஆனது என்று மட்டும் எழுதி வையுங்கள். அந்த ஒரு எண் பின்னால் விலை போடும்போது உங்களைக் காப்பாற்றும்.

தானியம் வாங்குவது

இந்த விஷயத்தில் நம் இரண்டு மாவட்டக்காரர்களும் கொடுத்துவைத்தவர்கள். தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளைகிற பகுதி இதுதான். பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் "கேவுரு இருக்குதுங்களா?" என்று கேட்டால் யாராவது ஒருவர் வீட்டைக் காட்டுவார்கள். ஆடியில் விதைத்த மானாவாரிக் கேழ்வரகு கார்த்திகை, மார்கழியில் அறுப்புக்கு வரும். விலை இறங்கியிருக்கும் அந்தச் சமயத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேழ்வரகு முழுத் தானியமாக இருக்கும்வரை சுலபத்தில் பூச்சி பிடிக்காது. நன்றாகக் காய்ந்ததைச் சாக்கில் கட்டித் தரையில் படாமல் பலகைமேல் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். மாவு அப்படியில்லை. அதனால் தானியமாகச் சேர்த்து வையுங்கள், மாவாக அந்தந்த வாரம் அரையுங்கள்.

வாங்கும்போது கையில் ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பாருங்கள். தூசி அதிகம் ஒட்டினால் களத்தில் சரியாகத் தூற்றவில்லை என்று பொருள். பல்லில் வைத்துக் கடித்தால் 'கடுக்'கென்று உடைய வேண்டும். நான் வாடிக்கையாக வாங்கும் பெரியம்மா தானே ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வெயில் காட்டணும் கண்ணு, அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்புவார். அப்படிச் சொல்லக்கூடிய ஆளிடம் வாங்குங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் கவனமாகச் சொல்ல வேண்டும். 2023 மே மாதத்தில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நீங்கள் மாவு போடுவது தெரிந்ததும், ரேஷன் கேழ்வரகைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று சிலர் வருவார்கள். வாங்காதீர்கள். ரேஷன் பொருளை வியாபாரத்துக்கு வாங்குவது குற்றம்.

கல், தண்ணீர், முளை

முறத்தில் புடைத்தால் தூசியும் பதரும் போகும், கல் போகாது. கேழ்வரகு அளவே இருக்கிற மணலை அரித்துத்தான் எடுக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரோடு தானியத்தைச் சுழற்றிச் சுழற்றி இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றிக்கொண்டே வந்தால் கல் அடியில் நிற்கும். நான் மூன்று முறை அரிக்கிறேன். 20 கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. முதுகு பிடிக்கும். கீழே உட்கார்ந்து குனிந்து செய்யாமல் இடுப்பு உயரத் திட்டில் வைத்துச் செய்யுங்கள். நான் இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு பாக்கெட்டில் ஒரே ஒரு கல்லை நறுக்கென்று கடித்தவர் மறுபடி வாங்க மாட்டார், ஏன் வாங்கவில்லை என்று சொல்லவும் மாட்டார்.

தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதிய குறிப்புகளில் இருக்காது. நம் பகுதியில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள இடங்கள் நிறைய. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. முதல் இரண்டு அலசலுக்குப் போர்வெல் தண்ணீர் போதும். ஊறவைக்கும் தண்ணீரைத் தானியம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், அதற்குக் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாள்தான் எனக்கு ஊறப்போடும் நாள். வாரத்தின் மற்ற வேலைகள் எல்லாம் அந்த நாளைப் பின்தொடர்ந்தே அமைகின்றன. உங்கள் தெருவில் எந்த நாள் என்று முதலில் பாருங்கள்.

இரவு ஊறவைத்துக் காலையில் வடித்து, வெள்ளை வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். சித்திரை, வைகாசியில் ஒரு நாளில் முளை எட்டிப் பார்த்துவிடும். மார்கழிக் குளிரில் இரண்டு நாள் ஆகும், தளி, ஓசூர் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடும். துணி காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளை முளை மணியின் நீளம் வந்தால் போதும். மூட்டையை அவிழ்த்ததும் பச்சைப் புல் வாசம் வர வேண்டும். புளித்த வாசம் வந்தாலோ, கையில் வழுவழுவென்று ஒட்டினாலோ அந்த ஈட்டை, அதாவது அந்தத் தடவை போட்ட மொத்தத் தானியத்தையும், விற்பனைக்கு எடுக்காதீர்கள். "காயவைத்து வறுத்தால் வாசம் போய்விடும்" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். வாசம் போகும், கெட்டது போகாது.

காயவைப்பது

இந்தத் தொழிலின் பாதி வேலை இதுதான். விளம்பரப் படங்களில் இது மட்டும் வராது.

முளைகட்டிய தானியத்துக்கு நான் மூன்று வெயில் கணக்கு வைத்திருக்கிறேன். காலை 8 மணிக்கு மாடிக்குப் போனால் மாலை 5 மணிக்குக் கீழே வர வேண்டும். பனி இறங்கும்முன் எடுத்துவிட வேண்டும், மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் மறுபடி பரப்ப வேண்டும். வெயில் என்று நான் சொல்வது முழு வெயில். மேகம் மூடிய நாளை அரை வெயிலாகத்தான் எடுப்பேன். தார்ப்பாய்மேல் நேராகக் கொட்டாமல் பருத்தித் துணி விரித்துப் பரப்புங்கள். அடியில் வேர்க்காது. மணிக்கு ஒருமுறை கையால் துழாவிவிட வேண்டும். மேலே கொசுவலைத் துணி கட்டினால் குருவி, அணில், தூசி மூன்றுக்கும் தடுப்பு. நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இந்த வலை கட்டாயம். லாரிப் புழுதி கண்ணுக்குத் தெரியாமல் படிந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் மாலை, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் முளை வேர் உதிர வேண்டும். அதைப் புடைத்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாவு லேசாகக் கசக்கும்.

நான் தொடங்கிய முதல் வருடம் ஐப்பசியில் ஒரு தவறு செய்தேன். இரண்டு நாள் தூறல். தருமபுரிக் கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று போன் வந்துகொண்டே இருந்தது. இரண்டரை வெயில் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அரைக்கக் கொண்டுபோனேன். மில்லிலிருந்து மாவு சூடாகத்தான் வரும். அதையும் ஆறவிடாமல் அன்றிரவே 24 பாக்கெட் கட்டினேன். ஒரு வாரம் கழித்து, இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குக் கூழ் காய்ச்ச என்று வாங்கிய ஒரு பாட்டி, "மாவுல பூசண வாடை வருதும்மா" என்று சொன்னார். அன்று முழுக்க உட்கார்ந்து வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, மாவைக் கொட்டிவிடச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கடையிலிருந்து மீதியை எடுத்துவந்தேன். பணம் போனதைவிட, அந்தக் குழந்தை குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புத்தான் பல நாள் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு எனக்கு இரண்டு விதிகள். ஐப்பசி, கார்த்திகையில் கடைக்காரர் எவ்வளவு கேட்டாலும் வெயில் கணக்குக் குறையாது. மாவு துணியில் பரப்பி ஓர் இரவு ஆறாமல் பாக்கெட்டுக்குள் போகாது.

மழை மாதத்துக்கு வழி என்னவென்றால், புரட்டாசிக்குள் நான்கைந்து ஈடு முளைகட்டிக் காயவைத்து, அரைக்காமல் தானியமாகவே காற்றுப் புகாத டிரம்மில் மூடி வைத்துக்கொள்வதுதான். பிறகு தேவைக்கு வறுத்து அரைக்கலாம்.

மில்

சின்னத் தீயில், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே போய் வாசம் வரும் வரை வறுத்தால் போதும். நிறம் மாறினால் அதிகம்.

மில்லுக்குப் போவதில் ஒரே ஒரு நுட்பம். உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். மிளகாயோ மல்லியோ ஓடியிருந்தால் உங்கள் மாவில் அந்தக் காரம் ஏறும். மில் அண்ணனிடம் பேசி, காலையில் திறந்ததும் முதல் ஆளாக அரைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முதலில் ஒரு கிலோ சாதாரணக் கேழ்வரகை ஓடவிட்டு அதைத் தனியாக எடுத்துவிடுவேன். அந்த மாவு வீட்டுக் களிக்கு. கோதுமை அரைக்கும் மில் என்றால் லேபிளில் அதையும் சொல்லிவிடுவது நேர்மை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் கேழ்வரகைத் தேடி வருகிறார்கள்.

காகிதங்கள்

இதில்தான் பலர் பயந்து நிற்கிறார்கள், அல்லது இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை.

உணவு விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும், வீட்டில் செய்தாலும் வேண்டும். நான் எடுத்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்குச் சாதாரணப் பதிவு, கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று கொடுத்து நாமே போடலாம். முடியாவிட்டால் இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் உள்ள வரம்பையும் கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணை ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சிட வேண்டும். சிறுதொழிலாகப் பதிவுசெய்ய உத்யம் பதிவு இருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது இதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

லேபிளில் இவை எல்லாம் வேண்டும்: பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, ஒரு கிராம் என்ன விலை விழுகிறது என்பது, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, ஈடு எண், உங்கள் பெயரும் முழு முகவரியும், புகார் சொல்லத் தொலைபேசி எண், சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. பாக்கெட்டில் அடைத்து விற்பவர்கள் எடையளவுச் சட்டப்படியும் பதிவு செய்ய வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போட வேண்டும். இரண்டுக்கும் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

லேபிளில் எழுதக் கூடாதவையும் உண்டு. "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று போடாதீர்கள். நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பாக்கெட்டில் சொல்லச் சட்டம் இடம் தராது. "6 மாதக் குழந்தை முதல் கொடுக்கலாம்" என்று போடுவதும் வேண்டாம். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளின் உணவுக்குத் தனி உரிமம் வேண்டும், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை விளம்பரப்படுத்தவே தடை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை. நம் வீட்டில் எல்லாக் குழந்தைகளும் கேழ்வரகுக் கூழ் குடித்து வளர்ந்ததும் உண்மை. ஆனாலும் நம் வீட்டுப் பழக்கத்தை அடுத்த வீட்டுக் குழந்தைக்கு உத்தரவாதமாக அச்சிடக் கூடாது. கேட்பவர்களிடம் குழந்தை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டியில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பொருள் விற்பவர்கள் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் 2022 ஜூலை 18 முதல், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய மாவு 5 சதவீத வரிக்குள் வந்துவிட்டது. வரியுள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். மதுரைக்காரருக்கு வெளிமாநிலம் தொலைவு. நமக்கு ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். பெங்களூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான் முதலில் ஆர்டர் கொடுப்பார்கள். பார்சல் போடுவதற்கு முன் ஒரு கணக்காளரிடம் பேசிவிடுங்கள். நான் முதல் மூன்று வருடம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றேன். ஊருக்கு வரும்போது வாங்கிப் போகச் சொல்வேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் அப்படித்தான் நிறையப் போகும்.

கேஸ் விஷயமும் உண்டு. வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வணிகச் சிலிண்டர் 19 கிலோ. அதன் விலையையும் கணக்கில் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

விலை போடுவது

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டும் முறைதான் முக்கியம்.

கேழ்வரகு 20 கிலோ, கிலோ 45 ரூபாய் என்றால் 900. கல், பதர், முளை வேர், சலித்த கப்பி எல்லாம் போக எனக்கு 16 கிலோ மாவுதான் நிற்கிறது. அரைக்கிலோவாக 32 பாக்கெட். அரவைக் கூலி 170, பாக்கெட் 6 ரூபாய் வீதம் 192, லேபிள் 2 ரூபாய் வீதம் 64, கேஸ் 100, போக்குவரத்து 100. மொத்தம் 1,526 ரூபாய். ஒரு பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 48.

புதியவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, "48 ஆகிறது, 60-க்கு விற்றால் 12 ரூபாய் லாபம்" என்கிறார்கள். கடைக்காரருக்கு 20 சதவீதம் கழிவு கொடுத்தால் 60-இல் உங்கள் கைக்கு வருவது 48. முப்பத்திரண்டு பாக்கெட்டும் விற்றால் 1,536 ரூபாய். நான்கு நாள் உழைப்புக்கு மிச்சம் 10 ரூபாய்!

உங்கள் நேரத்தையும் செலவில் எழுதுங்கள். எனக்கு இந்த 20 கிலோவுக்கு மொத்தம் 9 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் 540. சேர்த்தால் 2,066, பாக்கெட்டுக்கு 64 ரூபாய் 56 காசு. அதிகபட்ச விலை 90 என்று போட்டால் கடைக் கழிவு போக 72 வரும். இரண்டு பாக்கெட் விற்காமல் திரும்பும் என்று வைத்துக்கொண்டால் 30 பாக்கெட்டுக்கு 2,160. கூலி போக 94 ரூபாய் மிச்சம். இதுதான் உண்மை நிலவரம். நேரடியாக விற்கும் பாக்கெட்டில்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். அதனால் பாதிச் சரக்காவது நேரடி விற்பனையில் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

"கேவுரு மாவு 90 ரூபாயா?" என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் கேழ்வரகு அரைத்துப் பழக்கம், அதனால் கேட்கத்தான் செய்வார்கள். ஊறவைத்து, முளைகட்டி, மூன்று வெயில் காய்ந்தது என்று சொல்லுங்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் வாங்கிவிடுவார்கள்.

கடைக்குக் கொடுப்பதும் வசூலும்

முதல் நாளே எல்லாக் கடைக்கும் போகாதீர்கள். மூன்று கடை போதும். மூன்றும் நீங்கள் வேறு வேலையாகவும் போகிற வழியில் இருக்கட்டும். வசூலுக்கென்று தனியாகப் பேருந்து ஏறினால் அந்த வார லாபம் டிக்கெட்டுக்குப் போகும். நான் செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்கு வருகிறவர்களுக்கு நேரடியாகக் கொடுப்பேன், வெள்ளிக்கிழமை தருமபுரிக் கடைகளுக்குப் போவேன், மாதத்தில் இரண்டு முறை கிருஷ்ணகிரி.

மளிகைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் "வெச்சுட்டுப் போம்மா, வித்தா காசு" என்பார்கள். தொடக்கத்தில் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கை நீட்டி வைக்கும் முன்பே மூன்று விஷயம் பேசிவிடுங்கள். ஒரு தடவைக்கு 10 பாக்கெட்டுக்கு மேல் கிடையாது. பழைய பத்துக்குக் காசு வந்தால்தான் புதுப் பத்து. 45 நாள் தாண்டிய பாக்கெட்டை நானே எடுத்துக்கொள்வேன். கார்பன் தாள் வைத்த சின்னப் பில் புத்தகம் ஒன்று வாங்கி, வைத்த தேதி, எண்ணிக்கை, ஈடு எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துக் கேட்கச் சங்கடமாக இருக்கும். "வீட்டுக்காரர் கணக்குக் கேட்பாருங்கண்ணா" என்று சொல்லித்தான் நான் ஆரம்பித்தேன். இப்போது அவர்களே பேனாவை எடுத்துவிடுகிறார்கள்.

ஒரு கடையில் எனக்கு 2,880 ரூபாய் நின்றது. நாற்பது பாக்கெட். "அடுத்த வாரம் வாம்மா" என்று பதினோரு வாரம். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் பலரிடம் நின்றிருந்தது. தவறு என்னுடையது. பழைய காசு வராமல் நான்கு தடவை சரக்கு வைத்தேன். கடைசியில் அந்தத் தொகைக்கு வெல்லமும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தேன். நின்ற பணத்துக்குப் பொருளாக வாங்கிக்கொள்வதும் ஒரு வழிதான். முகம் முறியாமல் முடியும்.

நேரடி வாடிக்கையாளர்கள் ஜிபேயில் போட்டுவிட்டுப் படம் அனுப்புவார்கள். படத்தைப் பார்த்துப் பொருளைக் கொடுக்காதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். இதற்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, க்யூஆர் அட்டையை அதோடு இணைத்துவிட்டால் வீட்டுச் செலவும் வியாபாரமும் கலக்காது.

கணக்கு நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் அன்று போன காசு, வலப்பக்கம் வந்த காசு, கடைசிப் பக்கங்களில் யாரிடம் எவ்வளவு நிற்கிறது. இரவு 9 மணிக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதினால் போதும். மூன்று நாள் விட்டால் நினைவிலிருந்து எழுத முடியாது. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாக்கெட்டை விற்காமல் அலமாரியில் வைத்துவிடுங்கள். யாராவது குறை சொன்னால் அதே ஈட்டின் பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கலாம். காலாவதித் தேதி எவ்வளவு போடலாம் என்பதும் அப்படித்தான் தெரியவரும். நான் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் மூன்று மாதம் என்று போடுகிறேன்.

வீடு

வீட்டில் இருந்து செய்வதால் நீங்கள் சும்மா இருப்பதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். வறுத்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடிக்கும், கல்யாணப் பத்திரிகை வரும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர இன்னொரு வீட்டுக்காரரும் சொல்லிவிட்டுப் போவார். இரவு பத்தரைக்கு "அக்கா, ஒரு பாக்கெட் இருக்கா?" என்று கதவைத் தட்டுவார்கள். காலை 10 முதல் மாலை 6 வரை என்று வாசலில் எழுதி ஒட்டினேன். முதல் மாதம் சிலர் வருத்தப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது.

உறவினருக்கு இலவசமாகக் கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. மாதம் இத்தனை பாக்கெட் என்று வைத்து அதைச் செலவில் எழுதுகிறேன். மாமியாரிடம் மட்டும் தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசினேன். மாடி வாரத்தில் மூன்று நாள் தானியத்துக்கு, துணி காயப்போடுவது மற்ற நாள்களில் என்று முடிவானது. தானியத்தைத் துழாவிவிடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இன்று மேகத்தைப் பார்த்து மழை வருமா என்று சொல்வதில் என்னைவிட அவர்தான் தேர்ந்தவர். அந்த வேலைக்கும் மாதம் ஒரு தொகை நோட்டில் எழுதி அவர் கையில் கொடுக்கிறேன். வாங்க மறுத்தார். இப்போது அந்தப் பணத்தில் அவருக்கென்று சீட்டு ஒன்று போடுகிறார்.

வருடத்தில் ஒரு வாரமாவது வேலையை முழுதாக நிறுத்துங்கள். நான் ஆடி கடைசி வாரத்தில் நிறுத்துகிறேன். டிரம், துணி, சல்லடை எல்லாவற்றையும் கழுவி வெயிலில் போடவும் அந்த வாரம்தான்.

கற்றுக்கொள்ள, கடன் வாங்க

பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. சிறுதானிய மதிப்புக்கூட்டுப் பயிற்சி எப்போது என்று போய்க் கேட்டு உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த ரகம் என்ன நிறத்தில் வரும் என்று தெரிந்துகொள்ள அங்கே கேட்கலாம்.

நீங்கள் பெண் என்றால், மகளிர் குழுவில் சேராமல் இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியதே இந்தப் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது பிரிந்திருக்கவில்லை. 2004-இல்தான் தனி மாவட்டமானது. குழுவில் கிடைக்கும் சின்னக் கடன் போதும், முதல் ஆறு மாதத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வங்கியில் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். குறு உணவுத் தொழில்களுக்காக 2020-இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் இயந்திரம் வாங்க 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மானியம் வரும் என்று நம்பித் தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்காதீர்கள். மானியம் பின்னால் வரும், தவணை அடுத்த மாதமே வரும்.

இனி மெஷின். தொடங்கும்போது வேண்டியது முத்திரை போட்ட தராசு ஒன்று, கையால் அழுத்தும் சீலிங் மெஷின் ஒன்று. அவ்வளவுதான். அரவை மெஷினுக்கு நான் ஐந்து வருடம் காத்திருந்தேன். மில்லுக்கு மாதம் கொடுக்கும் கூலியையும் ஆட்டோ வாடகையையும் நோட்டில் ஒரு வருடம் தனியாகக் கூட்டிப் பாருங்கள். மெஷினுக்குக் கட்ட வேண்டிய மாதத் தவணையையும் மின்கட்டணத்தையும் அந்தத் தொகை ஆறு மாதம் தொடர்ந்து தாண்டினால் வாங்கலாம். எனக்கு ஐந்தாம் வருடம் மாசி மாதத்தில்தான் தாண்டியது. வாங்கும் முன் மின்வாரிய அலுவலகத்தில் உங்கள் இணைப்பு அந்த மோட்டாரைத் தாங்குமா, எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மெஷினை வீட்டின் எந்த மூலையில் வைப்பது என்று பாருங்கள். மாவு தூசி பறக்கும், சத்தமும் இருக்கும். பிள்ளைகள் படிக்கும் அறையிலிருந்து தள்ளி, ஜன்னல் உள்ள இடமாக இருக்கட்டும்.